நம்ம ஊர்ப் பூங்காவை நாமே பார்த்துக்கொள்வது எப்படி: செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பூங்காவைச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இருபது பேர் திரண்டால் காலை ஒன்பது மணிக்குள் தரை தெரிந்துவிடும், குழுவாக நின்று படமும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் அதே குப்பை கிடக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் சுத்தம் செய்யும் நாளைவிட, அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற வேலைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். அள்ளிய குப்பை எங்கே போகும், சித்திரை வெயிலில் தண்ணீர் யார் ஊற்றுவார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கிறவரை விளக்குமாற்றைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

நம் பக்கத்துப் பூங்காக்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. காரைக்குடி, தேவகோட்டையில் சுற்றுச்சுவரும் ஊஞ்சலும் நடைபாதையும் வைத்த பூங்காக்கள் இருக்கின்றன. புதிய மனைப்பிரிவுகளில் பெயர்ப்பலகை மட்டும் நட்டு, உள்ளே முள் மண்டிக் கிடக்கும் "பூங்கா இடங்கள்" இருக்கின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களிலோ ஊருணிக் கரைதான் பூங்கா. மரத்தடி, படித்துறை, சாயங்காலம் உட்கார ஒரு திண்ணை. வேலை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஊருணிக் கரைக்கு மட்டும் சில தனி விதிகள் உண்டு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: இடம் யாருடையது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் பாதியில் யாராவது வந்து "யாரைக் கேட்டு வெட்டினீங்க?" என்று நிற்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

காரைக்குடி 2024ல் மாநகராட்சி ஆனது. அங்கே பூங்கா மாநகராட்சியுடையது என்றால் ஆணையருக்கு எழுத வேண்டும். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். ஊராட்சி என்றால் ஊராட்சித் தலைவரும் செயலரும், அதற்கு மேல் வட்டார வளர்ச்சி அலுவலர். மனைப்பிரிவுப் பூங்கா கொஞ்சம் சிக்கலானது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீத இடத்தைப் பொதுத் திறவிடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படிக் கொடுத்தாயிற்றா, இல்லை மனை போட்டவர் கையிலேயே கிடக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சர்வே எண் தெரிந்தால் தமிழக அரசின் நில ஆவண இணையச் சேவையில் புலப்படம் பார்க்கலாம்.

ஊருணிக் கரை பெரும்பாலும் புறம்போக்காக இருக்கும். ஆனால் ஊருணியைக் கட்டிய குடும்பமோ, கோயிலோ, அறக்கட்டளையோ பல தலைமுறையாகப் பராமரித்து வந்திருக்கலாம். காகிதத்தில் அவர்களுக்கு உரிமை இல்லாவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்பது ஊர் மரியாதை. வீடு பூட்டிக் கிடந்தால் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லி, சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பவர்களுக்குப் போன் போடச் சொல்லுங்கள். பல நேரம் அனுமதியோடு பத்து மரக்கூண்டுக்கான பணமும் சேர்ந்து வரும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எந்த இடம், என்ன வேலை (குப்பை அகற்றுதல், முள் வெட்டுதல், மரம் நட்டுத் தண்ணீர் ஊற்றுதல்), எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, பொறுப்பாளர்கள் இரண்டு பேரின் பெயரும் எண்ணும். கடைசியில் அலுவலகத்திடம் நீங்கள் கேட்பது மூன்று விஷயம்: குப்பை வண்டி வரும் நேரம், தண்ணீர்க் குழாய்க்கான அனுமதி, முள் மரங்களை வெட்ட எழுத்துப்பூர்வ ஒப்புதல். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாமன்ற உறுப்பினருக்கு அல்லது வார்டு உறுப்பினருக்கு ஒரு நகல். பதில் வர இழுத்தடித்தால் ஊராட்சிகளில் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு தடவை கூடும். அங்கே எழுந்து பேசினால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் ஊருணி விஷயம் பேச அது தோதான நாள்.

ஏற்கெனவே வேலை செய்கிறவர்களிடம் பேசுங்கள்

எந்தப் பூங்காவுக்கும் ஒரு தூய்மைப் பணியாளர் இருப்பார், வாரம் ஒருமுறையாவது வருவார். தன்னார்வலர்கள் கும்பலாக வந்து இறங்கினால், "நான் ஒழுங்கா வேலை பாக்கலைன்னு காட்டத்தான் இவங்க வந்திருக்காங்க" என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. முதலில் அவரைப் பார்த்துப் பேசுங்கள். "அக்கா, எந்த மூலையில குப்பை அதிகமா சேருது? வண்டி எத்தனை மணிக்கு வரும்? நாங்க சாக்குல கட்டி எங்க வச்சா உங்களுக்குத் தூக்க லேசு?" என்று கேட்டால் ஒரு வருடம் அலைந்தாலும் கிடைக்காத விவரம் ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிடும். குப்பை எங்கிருந்து வருகிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். பின்பக்கச் சுவருக்கு மேலே பக்கத்துக் கடையிலிருந்து விழுகிறதா, ராத்திரி குடிக்கிறவர்கள் போடுவதா, கல்யாண மண்டபத்து இலையா, எல்லாம் சொல்வார்.

சுகாதார ஆய்வாளரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அன்றைக்குக் கூடுதல் வண்டி அனுப்புவது அவர் கையில்தான் இருக்கிறது.

நோட்டோடு ஒரு சுற்று

வேலை நாளுக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு மூன்று பேர் மட்டும் போய் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். காலையில் ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை. பகலில் பார்க்கும் பூங்கா வேறு, இரவில் பார்க்கும் பூங்கா வேறு. எரியாத விளக்குக் கம்பங்களின் எண்ணைக் குறியுங்கள். உடைந்த ஊஞ்சல், ஆடும் சறுக்குமரம், துருப்பிடித்து முனை நீட்டிய கம்பி, மூடியில்லாத தொட்டி எல்லாம் அலுவலகத்துக்கு எழுத வேண்டியவை. நாமே வெல்டிங் வைக்கிற வேலை வேண்டாம். குழந்தை விழுந்தால் பதில் சொல்ல முடியாது. சரிசெய்கிறவரை கயிறு கட்டி மறித்து வையுங்கள், அது போதும்.

அப்புறம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். பனையிலோ உயரமான மரத்திலோ பழைய கட்டடத்தின் மூலையிலோ கதண்டு (பெரிய குளவி) கூடு கட்டியிருக்கும். நம் பக்கத்தில் கதண்டு கொட்டி உயிர் போவதும் உண்டு. கூட்டைக் கண்டால் அந்தப் பக்கம் ஆளே போகக்கூடாது. புகை போடுகிறேன், கல்லெறிகிறேன் என்று கிளம்புகிற வீரர்களைத் தடுத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். எண் 101, அல்லது 112. மின்கம்பியில் உரசும் கிளைகளை மின்வாரியம்தான் வெட்ட வேண்டும்.

எத்தனை பேர், யார் யார்?

தொடக்க நாளுக்கு இருபது முப்பது பேர் வரலாம். நிலைத்து நிற்கப்போவது ஆறு ஏழு பேர். அதற்கு வருத்தப்பட வேண்டாம், ஒரு பூங்காவுக்கு ஆறு ஏழு பேர் தாராளம். ஆனால் அந்த ஆறு பேரில் இரண்டு பேராவது பூங்காவுக்கு எதிரிலேயே குடியிருக்க வேண்டும். தூரத்திலிருந்து வண்டியில் வருகிற ஆர்வலரைவிட எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி பத்து மடங்கு உதவி. "ஆச்சி, இந்த ரெண்டு கன்னும் உங்க பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். "அதுக்கென்ன தம்பி, ஊத்திட்டாப் போச்சு. மொதல்ல அந்த ஆட்டுக்காரன் கிட்டச் சொல்லிட்டுப் போ" என்பார். அந்த ஆட்டுக்காரர் விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

கல்லூரி மாணவர்களைச் சேர்க்க நல்ல வழி நாட்டு நலப்பணித் திட்டம். அதில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. காரைக்குடியைச் சுற்றிக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள திட்ட அலுவலரைப் பார்த்து, மாதத்தில் ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமை என்று பேசி வைத்துக்கொண்டால் ஆள் பலம் ஒழுங்காக வரும். ஒன்று மட்டும்: பிள்ளைகளை மண் சுமக்கும் கூலியாள் மாதிரி நடத்தாதீர்கள். ஏன் இந்தச் செடியைப் பிடுங்குகிறோம், அந்தச் செடியை விடுகிறோம் என்று சொல்லிக்கொடுத்தால் அவர்களே அடுத்த வாரம் ஆள் கூட்டி வருவார்கள்.

தளவாடம்

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, பன்னருவாள் எல்லாம் வீடுகளில் இருக்கும். சுண்ணாம்பால் பெயர் எழுதி வாங்கிக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்க வேண்டியவை:

- முள் வேலைக்குத் தோல் கையுறை (வெல்டிங் பட்டறைக்காரர்கள் போடுவது, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்), குப்பைக்குத் தடித்த ரப்பர் கையுறை
- குப்பை பொறுக்க நீளமான இடுக்கி
- காலி அரிசிச் சாக்கு, சிமெண்டுச் சாக்கு, கட்டச் சணல்
- கண்ணாடித் துண்டுக்கு ஒரு பழைய பெயிண்ட் வாளி, ஊசிகளுக்கு மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா
- முள்ளை நகர்த்தக் கவைக்கம்பு (இதை வெட்டிக்கொள்ளலாம்)
- முதலுதவிப் பெட்டி

ரப்பர் செருப்போடு வருகிறவரை முள் பக்கம் விடாதீர்கள். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும், உள்ளேயே ஒடிந்தும் போகும். மூடிய காலணி கட்டாயம். துருக்கம்பியோ முள்ளோ ஆழமாகக் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

அந்த நாள்

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடித்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் வேலை வாங்கினால் அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள்.

முதலில் ஒரே ஒருவர் நீளக் கம்போடு புதர்களையும் சருகுக் குவியல்களையும் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வரட்டும். சத்தத்துக்குப் பாம்பு விலகிப் போய்விடும். அதன்பிறகும் கல்லையோ பலகையையோ புரட்டும்போது கையை அடியில் விடாமல் கடப்பாரையால் உங்கள் பக்கமாக நெம்பித் திறக்க வேண்டும். உள்ளே இருப்பது எதிர்ப்பக்கமாகப் போகட்டும். நம் மண்ணில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்கும் உண்டு. கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

ஆட்களை இடவாரியாகப் பிரிக்காமல் குப்பைவாரியாகப் பிரிப்பது நல்லது. ஒரு ஜோடி கண்ணாடி மட்டும் எடுக்கும். கையுறை போட்ட பெரியவர்கள்தான் அதைச் செய்ய வேண்டும், சிறுவர்களை விடக்கூடாது. இன்னொரு ஜோடி பாட்டில், இரும்பு, அட்டை. மற்றவர்கள் பாக்கெட், கப், பை. இப்படிப் பிரித்தால் பொறுக்கும்போதே தரம் பிரிந்துவிடும், பின்னால் குவியலைக் கிளற வேண்டாம்.

எங்கே எது போகும்? இரும்பும் பாட்டிலும் அட்டையும் பழைய இரும்புக்கடைக்கு. அதில் வரும் காசை நோட்டில் எழுதிச் சாக்கு வாங்க வைத்துக்கொள்ளுங்கள். காலி மதுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் 2022ல் நீலகிரியில் ஆரம்பித்துப் பிற மாவட்டங்களுக்கும் வந்தது. பாட்டிலில் அதற்கான ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வைக்கலாம். சிப்ஸ் பாக்கெட், பான் மசாலா உறை போன்றவற்றை எந்தக் கடைக்காரரும் வாங்கமாட்டார். அவற்றைத் தனிச் சாக்கில் கட்டி உலர் குப்பையாக உள்ளாட்சி வண்டியில் கொடுக்க வேண்டும். டயப்பர், நாப்கின் வகையறாவைக் காகிதத்தில் சுற்றித் தனியாக. இவற்றைக் கட்டி அப்படியே பூங்கா வாசலில் வைத்துவிட்டுப் போகவே கூடாது. நாயும் மாடும் ராத்திரிக்குள் கிழித்துப் பரப்பிவிடும். வண்டி வந்து ஏற்றிய பிறகுதான் கடைசி ஆள் வீட்டுக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. பூங்காவில் அதிகம் பொறுக்கப்போவதும் இவற்றைத்தான். ஆகவே வேலை முடிந்து டீ குடிக்கும்போது எவர்சில்வர் டம்ளர் கொண்டு வந்துவிடுங்கள். பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டே பேப்பர் கப்பைத் திட்டினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சருகைக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். நம் செம்மண்ணுக்குச் சருகைப் போல ஒரு வரம் கிடைக்காது என்பது இன்னொரு பக்கம். ஒரு மூலையில் ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி எடுங்கள். ஓரடி உயரத்துக்குச் சருகு, மேலே பிடுங்கிய பச்சைக் களை, அதன்மேல் சாணிக் கரைசல், இரண்டு சட்டி மண். இப்படி அடுக்கடுக்காக நிரப்பி ஈரம் காயாமல் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று நான்கு மாதத்தில் உரமாகிவிடும். குழிக்குள் பிளாஸ்டிக் ஒரு துண்டு விழக்கூடாது. விழுந்தால் குழியே குப்பைத்தொட்டி ஆகிவிடும்.

முள்ளும் பார்த்தீனியமும்

செட்டிநாட்டில் பூங்கா வேலை செய்கிறவருக்கு உண்மையான எதிரிகள் இவை இரண்டும்தான். குப்பை பொறுக்குவதெல்லாம் சுலபம்.

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் அது சாகாது. அடித்தூரிலிருந்து நான்கு ஐந்து கிளையாகப் பொங்கி வரும், முன்பிருந்ததைவிட அடர்த்தியாக. தூரோடு எடுக்க வேண்டும். அதற்குத் தோதான காலம் மழை பெய்து மண் இளகியிருக்கும் ஐப்பசி, கார்த்திகை. கட்டைவிரல் பருமன் உள்ள கன்று என்றால், முதலில் கிளைகளைக் கழித்து ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு முளை விட்டுக்கொள்ளுங்கள். பிடிக்க அதுதான் கைப்பிடி. சுற்றி ஓரடி ஆழத்துக்கு மண்ணைப் பறித்து, பக்க வேர்களைக் கொத்தி அறுத்து, கடப்பாரையைத் தூருக்கு அடியில் செருகி நெம்பினால் முழுசாக வெளியே வரும். ஆணிவேர் அதற்கும் கீழே ஒடிந்தால் கவலையில்லை. துளிர்ப்பது தூர்ப் பகுதிதான். வயிறு பெருத்த பழைய மரங்களுக்குப் பொக்லைன்தான் சரி. அதற்கு அலுவலக அனுமதி கட்டாயம். விறகு வீணாகாது. நம் மாவட்டத்தில் கரிமூட்டம் போடுகிறவர்கள் கேட்டு எடுத்துக்கொள்வார்கள். அரசு இடத்து மரம் என்பதால் அதை விற்பதோ கொடுப்பதோ அலுவலகம் சொல்கிறபடிதான்.

எல்லா முள்ளையும் வெட்டிவிடாதீர்கள். நாட்டுக் கருவேலம், உடைமரம், இலந்தை எல்லாம் நம்முடையவை. குருவி கூடு கட்டுவது அவற்றில்தான். அடையாளம் தெரியாவிட்டால் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள், தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார்.

பார்த்தீனியம் வேறு ரகம். கேரட் இலை மாதிரி இலை, சிறு சிறு வெள்ளைப் பூ. வெறுங்கையால் தொட்டால் சிலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும், மகரந்தம் மூச்சிரைப்பைக் கிளப்பும். ஆஸ்துமா உள்ளவர்களை இந்த வேலையில் சேர்க்காதீர்கள். மற்றவர்கள் முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசத்தோடு, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். முக்கியம் என்னவென்றால் பூக்கும் முன் பிடுங்குவது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பூ வந்துவிட்ட செடியை உரக்குழியில் போடாதீர்கள், விதை பிழைத்து உரத்தோடு பூங்கா முழுக்கப் பரவும். தனிச் சாக்கில் கட்டி அகற்றுங்கள். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டாலும் திரும்ப வரும். அங்கே ஆவாரை விதை தூவி விடுங்கள். ஆவாரை நம் மண்ணுக்குச் சொந்தக்காரி, தண்ணீர் கேட்காது, ஆடும் அவ்வளவாகக் கடிக்காது.

ஊருணிக் கரை என்றால்

குடிநீர் ஊருணியா, குளிக்கும் ஊருணியா என்று முதலில் கேளுங்கள். குடிக்க எடுக்கும் ஊருணி என்றால் படியில் காலணியோடு இறங்கக்கூடாது, தண்ணீரில் கால் நனைக்கவும் கூடாது. மண்வெட்டியைக் கழுவ வேறு இடம் பாருங்கள்.

படித்துறைச் செம்பூரான் கல் இடுக்குகளில் அரசும் ஆலும் முளைத்திருக்கும். விரல் நீளக் கன்றாக இருக்கும்போதே, மழை மறுநாள், இழுத்தால் வேரோடு வந்துவிடும். இரண்டு வருடம் விட்டால் வேர் கல்லைப் பிளக்கும். அப்போது வெட்டுவதாலும் பயனில்லை, கொத்தனாரை வைத்துக் கல்லைப் பிரித்து வேரை எடுத்துத் திரும்பப் பதிக்க வேண்டும். அப்படிச் செய்கிறபோது பூச்சுக்குச் சிமெண்டைக் குழைத்து அப்பாமல் பழையபடி சுண்ணாம்புக் காரையே கேளுங்கள். தெரிந்த கொத்தனார்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலைப் பார்க்காமல் ஊருணியை மட்டும் சுத்தம் செய்வது வீண்வேலை. மழை வருமுன், புரட்டாசிக்குள், வரத்துக்கால் நெடுக நடந்து பாருங்கள். எங்கே மண் மேடு, எங்கே யார் வீட்டுச் சாக்கடைக் குழாய் வந்து சேருகிறது, எங்கே குப்பை அடைத்திருக்கிறது என்று. அடைப்பை எடுப்பது நம் வேலை. சாக்கடையும் ஆக்கிரமிப்பும் அலுவலகத்தின் வேலை. படத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுக்காரரோடு நேரடியாக மல்லுக்கு நிற்காதீர்கள்.

பழைய சிமெண்டு பெஞ்சிலும் கல்லிலும் "உபயம்" என்று பெயர் பொறித்திருக்கும். அழகுபடுத்துகிறோம் என்று அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாலே எழுத்து தெரியும்.

மரம் நடுவது

எல்லோரும் இதில்தான் ஆரம்பிக்க ஆசைப்படுவார்கள். நூறு கன்று நட்டு ஐந்தைக் காப்பாற்றுவதைவிடப் பத்து நட்டு ஒன்பதைக் காப்பாற்றுங்கள். தண்ணீர் ஊற்ற எத்தனை ஆள் இருக்கிறார்களோ, ஆளுக்கு இரண்டு கன்று. அதற்கு மேல் வேண்டாம்.

நம் மண் சரளை கலந்த செம்மண். தண்ணீர் நிற்காது, வெயிலில் இறுகிவிடும். ஆடி, ஆவணியிலேயே இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து ஆறப்போட்டு, மேல் மண்ணோடு மட்கிய உரமும் கண்மாய் வண்டலும் கலந்து நிரப்புங்கள். வண்டல் எடுக்க அனுமதி வேண்டும், நீங்களாக டிராக்டர் விட்டு அள்ளிவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசிக் கடைசி, ஐப்பசியில் நட்டால் மார்கழிவரை மழை பார்த்துக்கொள்ளும், கோடைக்குள் வேர் கீழே இறங்கிவிடும். சித்திரையில் யாராவது பெரிய மனிதரை அழைத்து விழாவாக நடுகிற கன்று பெரும்பாலும் படத்தில்தான் உயிரோடு இருக்கும்.

வேம்பு, புங்கை, பூவரசு, வாகை, இலுப்பை, நாவல், மகிழம், சரக்கொன்றை எல்லாம் நன்றாக வரும். ஊருணிக் கரையின் ஈரமான பக்கத்துக்கு மருதம். வேலி ஓரத்துக்கு நொச்சியும் ஆடாதொடையும், இரண்டையும் ஆடு தொடாது. செம்மயில்கொன்றை (குல்மோகர்) சீக்கிரம் வளரும், காற்றில் சீக்கிரம் ஒடியும், நடைபாதைப் பக்கம் வேண்டாம். புல்வெளி ஆசையையும் விட்டுவிடுங்கள். சிவகங்கைச் சீமையில் குடிக்கிற தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுவது எந்த ஊர் நியாயம்? கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்காலை அணுகலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கத்துக்காக வனத்துறை நாட்டு மரக்கன்றுகளை வளர்க்கிறது.

நட்டதும் அடியில் வட்டப் பாத்தி கட்டி, நான்கு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். தினம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் வேர் மேலேயே படர்ந்து வெயிலில் கருகும். வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு குடம் நிறைய ஊற்றினால் ஈரத்தைத் தேடி வேர் கீழே போகும். முதல் இரண்டு கோடைதான் கண்டம்.

இனி ஆடு. ஆட்டுக்காரரோடு சண்டை போட்டு ஜெயித்தவர் கிடையாது. அவருக்கும் மேய்ச்சலுக்கு இடமில்லை. வெட்டிய முள் மரங்களின் காய், பிடுங்கிய அருகம்புல், கழித்த வாகைக் கிளை எல்லாம் ஆட்டுக்கு நல்ல தீனி. "அண்ணே, ஞாயித்துக்கிழமை வந்து இதையெல்லாம் எடுத்துக்கங்க, கன்னு பக்கம் மட்டும் விடாதீங்க" என்று பேசிவிட்டால் அவரே காவல். இருந்தாலும் கூண்டு வையுங்கள். முள் கிளைகளையே சுற்றிக் கட்டிய வேலி செலவில்லாதது. இரும்புக் கூண்டு என்றால் மரம் பருத்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். கூண்டுக் கம்பியைப் பட்டைக்குள் விழுங்கிக்கொண்டு நிற்கும் மரங்களைச் சாலை ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகளையும் அப்படியே பிடுங்கிவிடுங்கள்.

வருடம் முழுக்க

மழைக்காலத்தில் களையும் கொசுவும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அதனால் கொட்டாங்குச்சி, டயர், கப், உடைந்த தொட்டி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்தாக வேண்டும். தையில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் தங்கும் இடம் உங்கள் பூங்கா என்றால், முன்கூட்டியே இரண்டு பெரிய தொட்டியும் குடிதண்ணீர்ப் பானையும் வையுங்கள். தண்ணீர்ப் பானை இருக்கிற இடத்தில் பாக்கெட் தண்ணீர் குப்பை பாதியாகக் குறையும். காரைக்குடியில் மாசி, பங்குனி மாரியம்மன் திருவிழா நாட்களுக்கும் இதேதான், அன்னதானம் போடுகிறவர்களிடம் வாழையிலையும் மந்தார இலையும் போதும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பங்குனி முதல் ஆனிவரை வேறு எதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும். முறைப்பட்டியல் எழுதிக் கேட்டில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் எல்லோரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பணம் கூடியவரை ரொக்கமாக வாங்காதீர்கள். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் வெளியூரிலிருந்து வருகிற வீட்டார் கேட்டால், கூண்டாகவோ குழாயாகவோ பெஞ்சாகவோ வாங்கித் தரச் சொல்லுங்கள். பெரிய செலவு என்றால் மக்கள் பங்களிப்போடு அரசு நிதியும் சேரும் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ரொக்கம் வாங்கத்தான் வேண்டும் என்றால் வரவு செலவை மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள், ஐம்பது ரூபாயாக இருந்தாலும்.

குடிக்கிறவர்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. அவர்களோடு இருட்டில் வாக்குவாதம் வேண்டாம். விளக்கு எரிய வையுங்கள், புதரைக் கழித்துச் சாலையிலிருந்து உள்ளே தெரியும்படி செய்யுங்கள், மாலை ஐந்து முதல் எட்டுவரை நடைப்பயிற்சிக்காரர்களும் பெண்களும் பிள்ளைகளும் வரும்படி பாருங்கள். ஆள் புழங்கும் இடத்தில் அவர்கள் தாமாகவே வேறு இடம் தேடுவார்கள். மீறினால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார், குழுவாக, பகலில்.

கடைசியாக ஒரு நோட்டு. குழாய் அறைச் சாவி யாரிடம், மோட்டார் சுவிட்ச் எங்கே, குப்பை வண்டி ஓட்டுநர், சுகாதார ஆய்வாளர், மின்வாரியம், தீயணைப்பு எண்கள், எந்தக் கன்று எந்த மாதம் நட்டது, யார் பொறுப்பு, எந்த விளக்குக்கு எந்தத் தேதியில் மனு கொடுத்தது. இவ்வளவும் ஒரே நோட்டில் இருந்து, அந்த நோட்டு எதிர்வீட்டில் இருந்தால், பொறுப்பாளருக்கு வேறு ஊருக்கு மாற்றலானாலும் மறுவாரம் ஆறு மணிக்கு வேலை நடக்கும்.